72 மணி நேரமும் 3 மாதமும்

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பெங்களூரில் தனியாகத் தங்கி வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். கட்டட வேலை, பீனியா தொழிற்பேட்டை, லாரி, ஓட்டல், ஆபீஸ் குமாஸ்தா வேலை என்று தொழில் பலவானாலும் தங்கும் அறையும் தனிமையும் ஒன்றுதான். இவர்களில் சிலர் என்றோ ஒரு நாள், முன்பின் அறியாத ஒருவருடன் உடலுறவு கொண்டுவிடுகிறார்கள். மறுநாள் பொழுது விடியும்போதே பயமும் பிடித்துக்கொள்கிறது. "எய்ட்ஸ் வந்திருக்குமோ?" என்ற கேள்வி வேலையில் கை ஓடவிடாது, சோறு இறங்கவிடாது, யாரிடமும் வாய் திறந்து கேட்கவும் விடாது.

நடந்தது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல ஊரில் பலர் உண்டு. மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதனால் சிலர் மூன்றாம் நாளே ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சிலர் சுவரொட்டி வைத்தியரிடம் சம்பளப் பணத்தைக் கொட்டுகிறார்கள். சிலர் ரத்ததான முகாமுக்குப் போய்க் கையை நீட்டுகிறார்கள். இன்னும் சிலர் எதையுமே செய்யாமல் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

இந்த நான்கு வழிகளும் தவறானவை. நான்கிலும் காணப்படும் பிழை ஒன்றே. இந்த நோயில் எதைச் செய்கிறோம் என்பதைப் போலவே எந்த நாளில் செய்கிறோம் என்பதும் முக்கியம். அதைக் கணக்கில் எடுக்காததுதான் அந்தப் பிழை.

புள்ளிவிவரம் காட்டுவது

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் 2023-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்வோர் சுமார் 25 லட்சத்து 44 ஆயிரம் பேர். வயது வந்தோரில் இது 0.20 சதவீதம், அதாவது 500 பேருக்கு ஒருவர். மராட்டியம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களுக்கு அடுத்தபடியாகக் கர்நாடகத்தில்தான் இவர்கள் அதிகம். இங்கு சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேர் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை என்று வகுக்கப்பட்டது. 2010-ம் ஆண்டோடு ஒப்பிடும்போது புதிய தொற்றுகளை 80 சதவீதம் குறைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. 2023 வரை குறைந்ததோ சுமார் 44 சதவீதம்தான். அந்த ஓர் ஆண்டில் மட்டும் புதிதாக 68 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்று ஏற்பட்டது.

பாதி வழியிலேயே வண்டி நிற்கக் காரணம் என்ன? மருந்து இல்லாமல் இல்லை. அரசாங்கம் 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. தொற்று உறுதியானவுடனேயே மருந்து தொடங்கும் முறை 2017 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் கிருமியுடன் வாழ்வோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. தெரியாதவர் மருந்து சாப்பிட முடியாது. மருந்து சாப்பிடாதவரிடமிருந்துதான் நோய் பரவுகிறது. ஆகவே, பயந்து ஒளிந்துகொள்ளும் ஒவ்வொருவரும் இந்தக் கணக்கில் ஒரு புள்ளி எனலாம்.

சென்னையில் தொடங்கிய வரலாறு

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரிய வந்தது சென்னையில்தான். 1986-ம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன், தம் மாணவி டாக்டர் நிர்மலாவை ஆராய்ச்சிக்காக ரத்த மாதிரிகள் சேகரிக்கச் சொன்னார். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எடுக்கப்பட்ட அந்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. 6 மாதிரிகளில் தொற்று இருப்பதாகத் தெரிந்தது. அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தபோதும் அது உறுதியாயிற்று. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார மந்திரி எச்.வி. ஹண்டே சட்டசபையில் இதை அறிவித்தபோது நாடே அதிர்ந்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் நோயைவிட வேகமாகப் பரவியது நோயாளிகள் மீதான வெறுப்பு. 1989-ல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞர் ரத்ததானம் செய்தார். ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்ததும் போலீசார் அவரைப் பிடித்துச் சென்றனர். 64 நாள் தனிமையில் அடைத்து வைக்கப்பட்டார். அன்றைய கோவா சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. "சோதனைக்குப் போனால் பெயர் கெடும், வேலை போகும், பிடித்து வைத்துவிடுவார்கள்" என்ற பேச்சு அந்தக் காலத்தில் வேரூன்றியது.

இன்று சட்டம் வேறு. பாராளுமன்றம் 2017-ல் நிறைவேற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ளது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவரைச் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. வேலை கொடுப்பதற்கு முன்நிபந்தனையாக இந்தச் சோதனையைக் கேட்கக் கூடாது. கிருமி இருக்கிறது என்பதற்காகப் பாரபட்சம் காட்டக் கூடாது. இவை அனைத்தும் அந்தச் சட்டத்தில் உள்ளன. இதற்கு முன்பே, 1997-ல், பம்பாய் ஐகோர்ட் ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கில் தீர்ப்பளித்தது. வேலை செய்யத் தகுதியும் தெம்பும் உள்ளவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை மட்டும் காரணம் காட்டி வேலை மறுக்க முடியாது என்று அத்தீர்ப்பு கூறிற்று. சட்டம் மாறியும் பழைய பயம் மட்டும் மாறவில்லை.

சாத்தூர் சொல்லும் பாடம்

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் 2018 டிசம்பரில் நடந்தது. விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அந்த ரத்தம் சிவகாசி அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்தவர் ஓர் இளைஞர்.

அவர் 2016-லேயே ஒரு முகாமில் ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே அதில் கிருமி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் அந்தச் செய்தி அவரைப் போய்ச் சேரவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, உறவினர் ஒருவருக்காக மீண்டும் ரத்தம் கொடுத்தார். இந்த முறை ரத்த வங்கியில் அது பிடிபடாமல் போயிற்று. பிறகு வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கு விவரம் தெரிந்தது. தெரிந்தவுடன் அவரே ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுத்தார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. மனமுடைந்த அந்த இளைஞர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30-ந் தேதி மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அந்தப் பெண்ணுக்கு உடனே மருந்து தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் சோதனைகள் காட்டின. அவருக்கு நஷ்டஈடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அந்த ஆண்டு ஐகோர்ட்டின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

இதில் ரத்த வங்கியின் குற்றம் பெரிது. அதே சமயம் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். 2016-ல் அந்த முடிவு அவர் கைக்கு வந்திருந்தால் அவர் மருந்து சாப்பிட்டு இன்றும் உழைத்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பெண்ணும் தப்பியிருப்பார். சோதனை நடந்தால் மட்டும் போதாது. முடிவு உரியவரிடம், ஆறுதல் சொல்லும் ஓர் ஆளுடன் சேர்ந்து வந்தடைய வேண்டும். ரத்ததான முகாம் அதற்கான இடமல்ல.

முகாமில் சோதிக்கலாமா?

"ரத்தம் கொடுத்தால் அவர்களே சோதித்துவிடுவார்கள், காசும் இல்லை, யாருக்கும் தெரியாது" என்று அறைத் தோழர்கள் சொல்லும் யோசனை மிகவும் ஆபத்தானது. கொடுக்கப்படும் ஒவ்வொரு பாட்டில் ரத்தத்திலும் எச்.ஐ.வி., பி வகை, சி வகை மஞ்சள் காமாலை, மேகப்புண், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதனை செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் கிருமி உடலில் நுழைந்த முதல் சில நாட்களில் எந்தச் சோதனையிலும் அது தெரியாது. டாக்டர்கள் இதை 'ஜன்னல் காலம்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் கொடுக்கும் ரத்தம் சோதனையில் தேறிவிடும். ஏற்றிக்கொண்டவருக்கு நோயைக் கொடுத்துவிடும்.

எண்களைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் ஒரு முறை உறவு கொள்ளும் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு, சராசரியாக 10,000-க்கு 4. அந்தக் கிருமியுள்ள ரத்தத்தை ஏற்றிக்கொள்பவருக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-க்கு 9,250. தன் சிறிய சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒருவர் வேறொரு குடும்பத்தின் உயிரைப் பணயம் வைப்பது நியாயமாகாது. சந்தேகம் உள்ளவர் முகாமில் "இன்று முடியாது" என்று சொல்லிவிட்டு வருவதே பெரிய தானம்.

ஆபத்து எவ்வளவு?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கைகுலுக்கியது, முத்தம் கொடுத்தது, ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்தது, ஒரே கக்கூசைப் பயன்படுத்தியது, கொசு கடித்தது ஆகியவற்றால் எச்.ஐ.வி. பரவுவதில்லை. லாட்ஜ் படுக்கையாலும் மெஸ் சாப்பாட்டாலும் வருவதில்லை.

பரவக்கூடிய வழிகளிலும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. எதிராளிக்குக் கிருமி இருந்து, அவர் மருந்து சாப்பிடாமலும் இருந்தால், ஆணுறை இல்லாத ஒரு முறை உறவில் ஆணுக்கு 10,000-க்கு 4 என்று பார்த்தோம். பெண்ணுக்கு அது இரு மடங்கு, 10,000-க்கு 8. ஆசனவாய் வழி உறவில் ஏற்றுக்கொள்பவருக்கு 10,000-க்கு 138. அதாவது சுமார் 72-க்கு ஒன்று. வாய்வழி உறவில் மிகமிகக் குறைவு. போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டால் 10,000-க்கு 63.

இவை சராசரிகள். இருவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் புண் இருந்தாலும், எதிராளிக்குத் தொற்று அண்மையில் ஏற்பட்டிருந்தாலும் ஆபத்து பல மடங்கு கூடும். ஆணுறை கிழியாமல் கடைசி வரை இருந்தால் மிகமிகக் குறையும். கிழிந்துவிட்டால் போடாததாகவே கொள்ள வேண்டும். எதிராளி கிருமி உள்ளவராக இருந்தும் ஒழுங்காக மருந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு சோதனைக்குத் தட்டுப்படாத நிலையில் இருந்தால் உடலுறவு மூலம் அவரிடமிருந்து பரவுவதில்லை என்பது இன்று நிரூபிக்கப்பட்ட உண்மை.

எண் சிறியதாக இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. 2,500-ல் ஒன்று என்பது அந்த ஒருவருக்கு நூற்றுக்கு நூறு. ஆனால் தூக்கம் கெட்டு, வேலையை விட்டு, உயிரையே வெறுக்கும் அளவுக்கு இந்த எண்ணில் ஒன்றுமில்லை. அமைதியாகச் சோதித்துப் பார்க்க இதுவே போதிய காரணம்.

முதல் 72 மணி நேரம்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. கிருமி உடலில் புகுந்தாலும் வேர் விடுவதற்கு முன் தடுக்க மருந்து உண்டு. உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள், தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நான்காம் நாள் தேடிப் போனால் பயனில்லை.

அரசுத் திட்டத்தில் இம்மருந்து முக்கியமாக, ஊசி குத்திக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காகவும் பாலியல் பலாத்காரத்துக்கு ஆளானவர்களுக்காகவும் ஏற்பட்டது. மற்றவர்கள் டாக்டரிடம் நேர்ந்ததை ஒளிக்காமல் சொல்லிக் கேட்க வேண்டும். தேவையா இல்லையா என்பதை அவர் தீர்மானிப்பார். டாக்டர் சீட்டு இருந்தால் தனியார் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். சீட்டு இல்லாமல் தாமே வாங்கிச் சாப்பிடுவது கூடாது. சிறுநீரகக் கோளாறோ பி வகைக் காமாலையோ உள்ளவர்களுக்கு இதில் கவனம் தேவை.

பலாத்காரத்துக்கு ஆளான பெண்கள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும், முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். போலீசில் புகார் கொடுத்துவிட்டு வா என்று அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

எந்த நாளில் எந்தச் சோதனை?

மூன்றாம் நாளில் செய்யும் எச்.ஐ.வி. சோதனை பழைய நிலையைத்தான் காட்டும். புதிய தொற்றைக் காட்டாது. உடல் கிருமியை எதிர்க்கும் பொருளை உண்டாக்க நாள் ஆகும். அந்த எதிர்ப்பொருளைத்தான் விரலில் குத்திச் செய்யும் சாதாரணச் சோதனை கண்டுபிடிக்கிறது. இதற்கு 3 மாதம் வரை ஆகலாம். கிருமியின் ஒரு பகுதியையும் சேர்த்துக் கண்டுபிடிக்கும் 'நான்காம் தலைமுறை' சோதனை பெரிய லாபரட்டரிகளில் உண்டு. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் அந்தச் சோதனையில் 45 நாளில் தெரிந்துவிடும்.

ஆகவே வழி இதுதான். 45-ம் நாள் வாக்கில் ஒரு சோதனை. அதில் இல்லை என்று வந்தால் பெரும்பகுதி கவலை தீர்ந்தது. 3 மாதம் முடிந்தபின் இன்னொரு சோதனை. அதிலும் இல்லை என்றால், இடையில் வேறு சம்பவம் நடக்காத வரை, விஷயம் முடிந்தது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று திரும்பத் திரும்பச் சோதித்து லாபரட்டரிகளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. 28 நாள் மருந்து சாப்பிட்டவர்கள் மட்டும் டாக்டர் குறிக்கும் தேதிகளில் சோதிக்க வேண்டும்.

இரண்டு, மூன்று வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வந்தால் அது எச்.ஐ.வி.யின் ஆரம்பமாகவும் இருக்கலாம். சாதாரண ஃப்ளூவாகவும் இருக்கலாம். பலருக்கு எந்த அறிகுறியும் வருவதில்லை. அறிகுறியை வைத்து ஜோசியம் பார்ப்பதை விட்டுவிட்டு நாளை எண்ணிச் சோதிப்பதே அறிவுடைமை.

எய்ட்ஸ் பயத்தில் மற்ற நோய்களை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். ஒரு முறை உறவில் அவை தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி.யை விட அதிகம் என்பது கவனிக்கத்தக்கது. வெட்டை நோய் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரியும். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சீழ் வரும். பெண்களுக்கோ பல சமயம் ஒன்றும் தெரியாது. மேகப்புண் 10 நாள் முதல் 90 நாளுக்குள், வலியில்லாத ஒரு புண்ணாகத் தோன்றும். மருந்தில்லாமலே அது ஆறிவிடும். நோயோ உள்ளே தங்கிவிடும். 'வி.டி.ஆர்.எல்.' என்ற மலிவான ரத்தச் சோதனை இதைக் காட்டும். ஆரம்பத்திலேயே கண்டால் ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகும். பி வகைக் காமாலைக்குத் தடுப்பூசி உண்டு. போடாதவர்கள் தாமதியாமல் போட்டுக்கொள்ளலாம். எச்.ஐ.வி. சோதனைக்குப் போகும் அன்றே மேகப்புண்ணுக்கும் காமாலைக்கும் சேர்த்துச் சோதிக்கக் கேட்டால் ஒரே அலைச்சலில் முடியும்.

பஸ் நிலையச் சுவர்களிலும் ரயில் பெட்டிகளிலும் ஒட்டப்படும் "ரகசிய நோய்களுக்கு ஒரே வாரத்தில் குணம்" விளம்பரங்களை நம்பி ஏமாறக் கூடாது. நாள் கணக்கும் சொல்லாமல், சோதனையும் செய்யாமல் லேகியம் கொடுப்பவர் நோயைத் தீர்ப்பதில்லை, நோயை மறைக்கிறார்.

ஊருக்குப் போகும் முன்

இந்த மூன்று மாதக் கணக்கில் உண்மையில் பணயமாக இருப்பது யார்? தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ காத்திருக்கும் மனைவி. பெங்களூரிலிருந்து ஊர் ஒரு ராத்திரி பஸ் தூரம். மாதம் ஒரு முறையோ பண்டிகைக்கோ போகாமல் இருப்பவர் குறைவு. ஜன்னல் காலத்தில் கிருமி சோதனைக்குத்தான் தெரியாது. பரவுவதற்கு அதற்குத் தடையில்லை. அப்போதுதான் ரத்தத்தில் கிருமியின் அளவு மிக அதிகம் என்கிறார்கள் டாக்டர்கள்.

எனவே 3 மாதச் சோதனை முடியும் வரை மனைவியுடன் ஆணுறை இல்லாமல் உறவு கூடாது. இதை எப்படிச் சொல்வது என்று தவிப்பவர்களும் உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுக்காக 1968-ல் அரசாங்கம் கொண்டுவந்த 'நிரோத்'துக்கு இன்று இரட்டை வேலை. "இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம்" என்று சொல்லிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளதைச் சொல்லி இருவரும் சேர்ந்து சோதித்துக்கொள்ளும் தம்பதிகளும் இருக்கிறார்கள். எது தங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் என்று தெரிந்துகொள்ள ஆலோசகரிடம் கேட்கலாம். மனைவி கர்ப்பமாக இருந்தால் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகத் தேவை.

ஆண்களுக்கு மட்டுமல்ல இந்தச் செய்தி. கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கும் இதே கணக்குத்தான். அவர்களுக்கு ஆபத்து இரு மடங்கு என்பதை மேலே கண்டோம். ஆணுடன் ஆண் உறவு கொண்டவர்கள் டாக்டரிடம் அதை மறைக்கவே கூடாது. மனமொப்பிய வயது வந்தோரின் அத்தகைய உறவு குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6-ந் தேதி தீர்ப்பளித்துவிட்டது. எந்த வழியில் உறவு நடந்தது என்று தெரிந்தால்தான் டாக்டர் ஆபத்தைச் சரியாக எடைபோட முடியும்.

எங்கே போவது?

தமிழ்நாட்டில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர் பெற்ற ஆலோசனை, பரிசோதனை மையங்கள் கர்நாடகத்திலும் 'ஐ.சி.டி.சி.' என்ற பெயரில் அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ளன. சிவாஜி நகர் பௌரிங் ஆஸ்பத்திரி, கே.ஆர். மார்க்கெட் பக்கமுள்ள விக்டோரியா ஆஸ்பத்திரி, மல்லேஸ்வரம் கே.சி. ஜெனரல் ஆஸ்பத்திரி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த இடங்கள். சோதனை இலவசம். முன்னும் பின்னும் ஆலோசகர் தனியறையில் பேசுவார். முதல் சோதனையில் தொற்று இருப்பதாகக் காட்டினால் வேறு இரண்டு முறைகளிலும் சோதிப்பார்கள். மூன்றும் ஒத்துவந்தால்தான் உறுதி செய்வார்கள். மேகநோய்களுக்கு 'சுரக்ஷா கிளினிக்' என்ற பெயரில் தனிப் பிரிவு உண்டு. நேரில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் 1097 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்; பெயர் சொல்லத் தேவையில்லை.

தொற்று உறுதியானால்? உலகம் முடிந்துவிடவில்லை. தினம் ஒரு மாத்திரை. அரசு மையத்தில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போல உழைத்து, பிள்ளை பெற்று, நீண்ட காலம் வாழலாம். வேலை மாறி ஊருக்குத் திரும்பினால் சிகிச்சையைச் சொந்த மாவட்ட மையத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். சாத்தூர் இளைஞருக்குக் கிடைக்காமல் போன அந்த ஆறுதல் வார்த்தை, மையத்துக்குப் போகிறவருக்கு முதல் நாளே கிடைக்கும்.

அரசு செய்ய வேண்டியவை

பொறுப்பு முழுவதையும் தொழிலாளியின் தலையில் கட்டிவிட முடியாது. மையங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியின் பகல் நேரத்தில் இயங்குகின்றன. தினக்கூலிக்கு அது ஒரு நாள் கூலி. மூன்று மாதத்தில் இரண்டு சோதனை என்றால் இரண்டு நாள் கூலி. மேஸ்திரியிடம் லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். மையத்துக்குப் போனால் எந்த மொழியில் பேசுவது என்ற தயக்கம் வேறு. இடம்பெயர்ந்த தொழிலாளர்களுக்கும் லாரித் தொழிலாளர்களுக்கும் தேசியத் திட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. அந்தப் பிரிவு, ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலை வேளைகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு அருகில் சோதனை வண்டிகளை அனுப்ப வேண்டும். கன்னடத்தோடு தமிழ், தெலுங்கு, இந்தியிலும் அறிவிப்புப் பலகை வைப்பது பெரிய செலவல்ல. 72 மணி நேர மருந்தைப் பற்றி மக்களுக்குச் சொல்லும் விளம்பரம் மிகவும் தேவை. ரத்த வங்கிகள், கொடையாளியின் ரத்தத்தில் குறை கண்டால் அவரைத் தேடிப் பிடித்து ரகசியமாகத் தெரிவிக்க வேண்டும். விலாசம் கிடைக்கவில்லை என்று கோப்பை மூடிவிடும் வழக்கத்தின் விலை என்ன என்பதை 2018 காட்டிவிட்டது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். முதல் மூன்று நாள் டாக்டரைப் பார்க்க. 45-ம் நாள் ஒரு சோதனை. 3 மாதம் முடிந்ததும் ஒரு சோதனை. அதுவரை ரத்ததானமும் இல்லை, ஆணுறை இல்லாத உறவும் இல்லை. காலண்டரில் மூன்று தேதியைக் குறித்துக்கொண்டால் போதும். பயத்தில் இருப்பவருக்கும், ஊரில் ஒன்றும் அறியாமல் காத்திருப்பவருக்கும் அந்த மூன்று தேதிகளே பாதுகாப்பு.